உழைப்பை அளக்க: போர்க் 6–20 அளவுகோலா, சிஆர்10-ஆ?

“உடம்புக்கு எவ்வளவு கஷ்டமா இருந்தது?” என்பதை எண்ணாக வாங்க, ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் தந்த அளவுகோல்கள் இரண்டு: 6 முதல் 20 வரை எண் கேட்கும் ஒன்று, 0 முதல் 10 வரை கேட்கும் சிஆர்10 (CR10) மற்றொன்று. எதை எப்போது எடுப்பது என்பதுதான் ஆய்வைத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம்.

எதற்கு?
6–20: டிரெட்மில்லிலோ சைக்கிளிலோ படிப்படியாகச் சுமை ஏற்றும் சோதனைக்கு.
சிஆர்10: ஒரு முழுப் பயிற்சியின் சுமைக்கு.

கணக்கு
6–20: எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத் துடிப்பு தோராயமாக வரும், 13 (‘ஓரளவு கடினம்’) என்றால் 130. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.
சிஆர்10: மதிப்பெண்ணை நிமிடங்களால் பெருக்க வேண்டும். 5 மதிப்பெண், 60 நிமிடம், சுமை 300.

புரியவைப்பது
6-இல் தொடங்குவது பலரைக் குழப்பும். 0 முதல் 10 சட்டென்று பிடிபடும்.

சிஆர்10 சறுக்குவது கேட்கும் நேரத்தில். பயிற்சி முடிந்த கையோடு கேட்டால், கடைசி ஓட்டத்தின் மூச்சிரைப்பே பதிலாக வரும். உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் முறைப்படி சுமார் 30 நிமிடம் கழித்து, “மொத்தப் பயிற்சியும் எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். தனியாகக் கேளுங்கள், சக வீரர்கள் முன்னால் வரும் எண்ணை நம்ப முடியாது.

ஆய்வகச் சோதனைக்கு 6–20, அணியின் வாரச் சுமைக்கு சிஆர்10. இரண்டின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலந்துவிடாதீர்கள்.