டயர் மேல் பழி போடும் முன்: மூன்று ஜோடி டயர் ஓட்டிய அனுபவம்

இப்போது என் பைக்கில் இருப்பது மூன்றாவது ஜோடி டயர். முதல் ஜோடியில் இருந்து இன்றுவரை ஒரே பிராண்டு, ஒரே மாடல். வேண்டுமென்றேதான் மாற்றவில்லை, ஏனென்றால் முதல் ஜோடி கோணல்மாணலாகத் தேய்ந்தபோது பார்த்தவர்கள் எல்லோரும் "டயர் சரியில்லை, வேறு கம்பெனி போடு" என்றார்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை. அதே டயர் இப்போது சீராகத் தேய்கிறது.

முன் டயரில்தான் விஷயம் அதிகம். 40, 50 கி.மீ. வேகத்தில் ஒரு ரீங்காரம் வர ஆரம்பித்தது. சட்டென்று பேரிங் மேல்தான் சந்தேகம் போகும். முன் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றிப் பார்த்தேன், சத்தமே இல்லை. பேரிங் நன்றாகக் கெட்டுப்போயிருந்தால் அப்போதும் கரகரக்கும், சுற்றும்போது கையிலும் தெரியும். தரையில் ஓடும்போது மட்டும் வருகிற சத்தம் என்றால் டயரைப் பார்க்க வேண்டும். பார்க்க என்று சொன்னாலும் கண்ணுக்கு இது லேசில் தெரியாது. உள்ளங்கையை வைத்துச் சக்கரம் சுற்றும் திசையில் ஒரு தடவை, எதிர்த்திசையில் ஒரு தடவை தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்று போகும், மறுபக்கம் ரம்பப் பல் போல விரலில் தட்டும். இது கொஞ்சமாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. முன் பிரேக்கை ஒழுங்காகப் பிடிக்கிறவர்கள் டயரில் வரத்தான் செய்யும், பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு ரப்பர் கட்டையும் நெளிந்து, தரையை விட்டு விலகும் நேரத்தில் ஒரு விளிம்பு மட்டும் உரசுகிறது, அவ்வளவுதான். காற்று குறைந்தால் கட்டை இன்னும் நெளியும், பல்லும் கூர்மையாகும்.

என் டயரில் அதோடு நிற்கவில்லை, சுற்றிலும் விட்டு விட்டுக் குழிகள். இது வேறு நோய். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஓங்கி அழுத்தி விட்டால், ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் குழாய்கள், ஒரு தடவை எழுந்து அடங்க வேண்டும். என் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடி நின்றது. ஃபோர்க் ஆயிலை இறக்கியபோது வந்தது ஆயிலா சேற்றுத் தண்ணீரா என்று சந்தேகம், அவ்வளவு கறுப்பாக, தண்ணீராக ஓடியது. ஆயில் செத்துப்போனால் ஒவ்வொரு மேட்டுக்கும் சக்கரம் துள்ளிக்கொண்டே இருக்கும், ஓரிடத்தில் அழுத்தமாக உரசும், அடுத்த இடத்தில் லேசாகத் தொடும். குழி ஒருமுறை விழுந்துவிட்டால் அந்தக் குழியே சக்கரத்தைத் துள்ள வைக்கும், அதனால் பழைய டயரை வைத்துக்கொண்டு ஃபோர்க்கை மட்டும் சரிசெய்வதில் பாதிப் பலன்தான். கூடவே சக்கரம் ஆட்டமில்லாமல் சுற்ற ரிம்மில் ஒட்டியிருந்த பேலன்சிங் வெயிட்டும் எங்கோ விழுந்துவிட்டிருந்தது, பசைத் தடம் மட்டும்தான் மிச்சம். ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டையும் பார்த்தேன்: முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டொக்' என்று தட்டக் கூடாது, ஹேண்டிலைத் திருப்பும்போது நேர் நிலையில் வந்து சிக்கி நிற்கவும் கூடாது. அது நன்றாகவே இருந்தது.

பின் டயர் வேறு கதை, நடுவில் மட்டும் தட்டையாகிவிடும். நெடுஞ்சாலையில் நேராகவே ஓட்டினால் இப்படித்தான், வண்டியில் கோளாறு தேட வேண்டாம். காற்றை அளவுக்கு மேல் ஏற்றினால் இன்னும் சீக்கிரம் தட்டையாகும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம், அதைப் பார்த்துக் காற்று பிடிக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை, அதுவும் டயர் ஆறியிருக்கும்போது. ஓட்டி வந்த சூட்டில் சில பி.எஸ்.ஐ. கூடித்தான் காட்டும், அதை இறக்கிவிடாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்தால் உடனே சேஸிஸ் வளைந்துவிட்டது என்று பயமுறுத்துவார்கள். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலது திருப்பம் அகலமானது, நீளமானது, பெரும்பாலும் வேகமும் அதிகம், அதனால் டயரின் வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்வது சகஜம். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இதே கதை இடப்பக்கத்துக்கு. வித்தியாசம் கண்ணை உறுத்துகிற அளவுக்கு இருந்தால் மட்டும் அலைன்மென்ட் பாருங்கள். பின் சக்கரத்தை நேராக வைக்கச் செயின் அட்ஜஸ்டரில் இருக்கும் கோடுகளை நான் முழுசாக நம்புவதில்லை. பின் டயரின் இருபுறமும் ஒட்டினாற்போல் நூலை முன் சக்கரம்வரை இழுத்துப் பிடித்தால் சக்கரங்கள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும்.

டயரைக் கழற்றித் திசை மாற்றிப் போட்டால் அந்த ரம்பப் பல் சமமாகிவிடும் என்றும் ஒரு யோசனை சுற்றுகிறது. அம்புக்குறி போட்ட டயரில் அந்த வேலை வேண்டாம்.

ஃபோர்க் ஆயில், புது சீல், பேலன்சிங் எல்லாம் முடித்துப் போட்ட இரண்டாவது ஜோடியில் குழி விழவே இல்லை. மூன்றாவதிலும் இதுவரை முன் டயர் நடுவிலும் இரு ஓரங்களிலும் ஏறக்குறைய ஒரே ஆழம். பின் டயரில் தேய்மான எல்லையைக் காட்டும் டி.டபிள்யூ.ஐ. குறியைத் தொட இன்னும் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, ஆனால் வண்டியைச் சாய்க்கும்போது தட்டையின் விளிம்பு முதலில் முரண்டு பிடித்து, அப்புறம் வண்டி திடீரென்று திருப்பத்துக்குள் சாய்ந்துவிடுகிறது. அதனால் அடுத்த சர்வீஸில் பின்னால் மட்டும் புது டயர், முன்னால் இதுவே ஓடட்டும்.