இணையத்தில் அறியலாம், பதிலுக்கு எங்கே போவது?

ஒரு சட்டம் மாறப்போகிறது. ஒரு காட்டை வெட்டி வீடு கட்டப்போகிறார்கள். புளோக்கில் மின்தூக்கி நின்றுவிட்டது. சிங்கப்பூரில் இம்மூன்றும் இன்று நமக்குக் கைப்பேசி வழியாகத்தான் தெரியவருகின்றன. தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதில் ஒரே வீட்டுக்குள் மூன்று வழக்கங்கள் இருக்கின்றன. மகள் இணையக் கையெழுத்து இயக்கத்தில் பெயரைப் பதிகிறாள். அப்பா கீழ்த்தளத்தில் எண் வாங்கிக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கக் காத்திருக்கிறார். அத்தை வந்த செய்தியை வாட்ஸ்அப்பில் உறவினர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாகிறார். இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் எதிரே இருக்கிறாரா?

அறிந்துகொள்ள

வாட்ஸ்அப்பின் வலிமை வேகம் மட்டுமல்ல, தமிழும்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர். இணையத்தில் உள்நாட்டு அரசியலை அலசும் பேச்சுகளில் மிகப் பெரும்பகுதி ஆங்கிலம். அந்த நிலையில் நண்பர் ஒருவர் தமிழில் பேசி அனுப்பும் குரல்பதிவு மூத்தோருக்கு எவ்வளவு நெருக்கமானது என்று சொல்லவேண்டியதில்லை. கொவிட் காலத்தில் அரசாங்கமே நான்கு மொழிகளில் வாட்ஸ்அப் செய்தி அனுப்பியது. தமிழில் வந்ததைப் பலர் நம்பிப் படித்தார்கள்.

ஆனால் கைமாறிக் கைமாறி வரும் செய்திக்குத் தாய் தகப்பன் இல்லை. பொருள், சேவை வரி உயர்வை எடுத்துக்கொள்வோம். 7 விழுக்காட்டிலிருந்து 2023 ஜனவரியில் 8, 2024 ஜனவரியில் 9 என்று இரண்டு படிகளில் உயர்ந்தது. எனக்கு வந்த செய்திகளில் ஒரு பகுதி உயர்வை மட்டும் சொல்லிக் கொதித்தது, இன்னொரு பகுதி ஈடாக வரும் ரொக்கத்தை மட்டும் சொல்லி மகிழ்ந்தது. உயர்வு ஏன் தேவை என்று அரசாங்கம் சொன்ன காரணமும், வேறு வழியில் வருவாய் திரட்டலாம் என்று எதிர்க்கட்சியினர் வைத்த வாதமும் ஒரே செய்தியில் சேர்ந்து வந்து நான் பார்த்ததில்லை.

1935 முதல் வெளிவரும் தமிழ் முரசும், மீடியாகார்ப்பின் தமிழ்ச் செய்தித் தளமும் இங்கே ஒரு படி மேலே நிற்கின்றன. எழுதியவர் யார், பிழை இருந்தால் யாரிடம் கேட்பது என்பது தெரியும். ஆனால் பல மணி நேர விவாதம் சில பத்திகளுக்குள் சுருங்கிவிடுகிறது. எது விடுபட்டது என்று வாசகருக்குத் தெரிய வழியில்லை.

விடுபட்டதும் இருக்கும் இடம் நாடாளுமன்ற உரைப்பதிவு. யார் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார், எதைச் சொல்லாமல் தவிர்த்தார், எல்லாம் வரிக்கு வரி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 ஜனவரியிலிருந்து அமர்வுகளை நேரலையிலும் பார்க்கலாம். தமிழில் ஆற்றப்பட்ட உரையாக இருந்தால், ஆங்கில மொழிபெயர்ப்போடு தமிழ் மூலத்தையும் இணைத்து வைக்கிறார்கள். இப்படி ஒரு வசதி இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. குறை என்னவென்றால் பதிவு நீளமானது, பெரும்பகுதி ஆங்கிலம். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் அதைப் படிக்கச் சொல்வது எளிதல்ல. எந்த விவாதத்தைத் தேடவேண்டும் என்பதைச் செய்தித்தாளில் கண்டுகொண்டு, அந்த ஒரு விவாதத்தை மட்டும் உரைப்பதிவில் திறந்து படிப்பதே என் பரிந்துரை. வாட்ஸ்அப் அதன் இணைப்பை அனுப்பப் பயன்படட்டும்.

பொஃப்மா என்று அழைக்கப்படும் இணையப் பொய்ச்செய்திச் சட்டத்தையும் இங்கே பார்த்தாகவேண்டும். 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்த அது, மூடிய வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதற்கும் பொருந்தும். திருத்த உத்தரவு வந்தால், பெரும்பாலான வேளைகளில் பதிவு அப்படியே இருக்கும். அரசாங்கத்தின் மறுப்பை அதன் பக்கத்தில் போடவேண்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்க முடிவது வாசகருக்கு நல்லது. எது பொய் என்று முதலில் முடிவுசெய்கிறவர் அமைச்சர், நீதிமன்றம் பிறகுதான் என்ற வரிசை எனக்கு உடன்பாடானதல்ல.

குரல் கொடுக்க

மின்தூக்கிக்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஒன்சர்விஸ் செயலியில் படம் எடுத்து அனுப்பினால், எந்த அமைப்பின் பொறுப்பு என்று பார்த்து அதற்கே அனுப்பிவிடும். இதற்காக நாடாளுமன்ற உறுப்பினரின் நேரத்தை எடுப்பது, வரிசையில் பின்னால் நிற்பவரின் நேரத்தை எடுப்பதாகும்.

அந்தப் பின்னால் நிற்பவருக்கு வீட்டுக் கடன், மத்திய சேம நிதி, வேலை அனுமதி என்று ஏதாவது ஒரு சிக்கல் இருக்கும். அவருக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பைவிடச் சிறந்த வழி இன்றைக்கும் இல்லை. 1955இல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் தொடங்கிய வழக்கம் இது. தொண்டூழியர் எதிரே அமர்ந்து கேட்டு எழுதுகிறார், உறுப்பினர் கையெழுத்திடுகிறார், கடிதம் உரிய அமைப்புக்குப் போகிறது. கேட்டது கிடைக்காமல் போகலாம். ஆனால் உறுப்பினர் பெயரில் போன கடிதம் கோப்பில் இருக்கிறது, அதற்கு ஒரு பதில் வந்தாகவேண்டும். அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் அதே குறையைக் கருத்தாக எழுதினால் நூறு பேர் படிப்பார்கள், பதில் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் முதியவர் தட்டச்சு செய்யத் திணறுவதை நேரில் ஒரு தமிழ்த் தொண்டூழியரிடம் எளிதாகச் சொல்லிவிடுகிறார் என்பதும் முக்கியம்.

கடினமான கேள்வி அடுத்தது. குறை என்னுடையது மட்டுமல்ல, ஒரு கொள்கையே தவறு என்று நினைத்தால் என்ன செய்வது? இங்கே இணையக் கையெழுத்தும் ஹாங் லிம் பூங்காவும் போட்டியிடுகின்றன.

ஹாங் லிம் பூங்காவில் பேச்சாளர் முனை 2000 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2008இலிருந்து ஆர்ப்பாட்டமும் நடத்தலாம். இணையத்தில் பதிந்துகொண்டால் போதும், தமிழிலும் பேசலாம். சமயம் பற்றியோ, இனங்களுக்கிடையே பகையை மூட்டும்படியோ பேசக்கூடாது. பேசவும் ஏற்பாடு செய்யவும் குடிமக்களாக இருக்கவேண்டும். 2013இல் மக்கள்தொகை வெள்ளை அறிக்கை, 2030இல் 69 இலட்சம் பேர் இருக்கலாம் என்று சொன்னபோது இணையத்தில் கோபம் கொப்பளித்தது. அங்கே திரண்ட அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் பிப்ரவரி 16 அன்று பூங்காவுக்கு வந்தார்கள். அந்தத் திரளை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அறிக்கையை ஆதரிக்கும் தீர்மானத்தை நாடாளுமன்றம் ஐந்து நாள் விவாதித்து, 77க்கு 13 என்று வாக்களித்து முடித்தது பிப்ரவரி 8. தீர்மானத்தின் வாசகத்தில் செய்யப்பட்ட திருத்தமும் அந்த விவாதத்தின்போதுதான் நடந்தது. கூட்டம் கூடியபோது வாக்கு முடிந்து எட்டு நாளாகிவிட்டது.

டோவர் வனத்தின் கதை வேறு. 33 ஹெக்டர் நிலத்தில் வீடு கட்டுவது பற்றி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் சுற்றுச்சூழல் ஆய்வை இணையத்தில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கையெழுத்து இயக்கத்தில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். அதோடு நின்றிருந்தால் எண்ணிக்கை எண்ணிக்கையாகவே இருந்திருக்கும். இயற்கைச் சங்கம் எந்தப் பகுதியைக் காக்கவேண்டும், வீடுகளை வேறெங்கே கட்டலாம் என்று மாற்றுத் திட்டம் கொடுத்தது. தொகுதி உறுப்பினர் கிறிஸ்டஃபர் டி சூசா விவகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். கருத்துச் சொல்லும் காலம் நீட்டிக்கப்பட்டது. 2021 ஜூலையில் வந்த முடிவு, கிழக்குப் பாதியில் முதலில் வீடுகள், மேற்குப் பாதியில் ஓர் இயற்கைப் பூங்கா, எஞ்சியதைப் பிறகு பார்க்கலாம் என்பது. முழு வெற்றி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வரைபடம் மாறியது. 2011இல் மலாயா ரயில் ஓடுவது நின்றபின் 24 கிலோமீட்டர் தடத்தைத் துண்டாக்காமல் பசுமைப் பாதையாக வைத்திருக்கிறார்களே, அதற்கும் இதே பாணியில்தான் ஒரு எழுத்துத் திட்டம் முன்னே போனது, இணைய ஆதரவு அதன் பின்னே திரண்டது.

எண்ணிக்கையில் இணையம் பூங்காவை வென்றுவிடுகிறது. உடலோடு வந்து நிற்பவரின் உறுதியில் பூங்கா முன்னே நிற்கிறது. இரண்டிலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. அவரை அழைத்துவரும் வேலையைச் செய்தது எழுத்துத் திட்டமும், அவையில் எழுந்து கேட்ட ஓர் உறுப்பினரும்தான். அரசாங்கத்தின் கருத்துக்கேட்புப் பிரிவான ரீச் தளம் மூன்றாவது வழி. கொள்கை இன்னும் வரைவாக இருக்கும்போது எழுதினால் பயனுண்டு; தனிப்பட்ட பதிலை எதிர்பார்க்கவேண்டாம்.

தேர்தல் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலைத் தேர்தலில் கொவிட் காரணமாகத் திடல் கூட்டங்கள் இல்லை, எல்லாம் திரையில். 2025 மே தேர்தலில் திடல்கள் திரும்பின, நேரலையும் வலையொலிகளும் கூடவே இருந்தன. வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோல் கணினியில் உருவாக்கும் காணொளிகளைத் தேர்தல் காலத்தில் தடைசெய்யும் சட்டம் 2024 அக்டோபரிலேயே நிறைவேறியிருந்தது. நேரமும் உடல்நலமும் இருந்தால் திடலுக்கே போங்கள் என்பேன். கைப்பேசி உங்களுக்குப் பிடித்த கட்சியையே மீண்டும் மீண்டும் காட்டும். திடலில் பேச்சாளர் தமிழுக்கு மாறும்போது பக்கத்தில் நிற்கும் சீனரும் மலாய்க்காரரும் எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் பார்ப்பீர்கள்.

சட்டம் பற்றிய கவலை என்றால் நாள்காட்டியைப் பாருங்கள். மசோதா முதல் வாசிப்பில் தாக்கலானதும் அதன் முழு வாசகம் நாடாளுமன்ற இணையத்தளத்தில் வந்துவிடும். விவாதம் இரண்டாம் வாசிப்பில். பொஃப்மாவுக்கு இடைவெளி ஐந்து வாரம்: 2019 ஏப்ரல் 1இல் தாக்கல், மே 8இல் நிறைவேற்றம். வெளிநாட்டுத் தலையீட்டுத் தடுப்புச் சட்டத்துக்கு மூன்றே வாரம்: 2021 செப்டம்பர் 13இல் தாக்கல், அக்டோபர் 4இல் நிறைவேற்றம். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எந்தப் பிரிவு உங்களை எப்படிப் பாதிக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதவேண்டியது அந்த இடைவெளியில், அதுவும் முதல் வாரத்தில். அவரிடம் ஒரேயொரு கேள்வியை அவையில் கேட்கச் சொல்லுங்கள். கேட்டாரா, அமைச்சர் என்ன சொன்னார் என்பதை உரைப்பதிவில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.