ஜி’நைட்: கசப்புக்கு ஈடுகொடுக்கும் சிவப்பு ஏல்

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களை மூட்டை மூட்டையாகக் கொட்டி, குடிப்பவரின் நாக்கு மரத்துப்போவதையே சாதனையாகக் காட்டும் பீர்களின் மீது எனக்கு எப்போதோ பொறுமை போய்விட்டது. முதல் மிடறில் வியப்பு, மூன்றாவது மிடறில் சலிப்பு. மறுபக்கம், சிவப்பு ஏல் (ஏல் என்பது பீரில் ஒரு வகை) என்ற பெயரில் வருபவற்றில் பாதிக்கு நிறத்தைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆஸ்கர் புளூஸ் ஆலையின் ஜி’நைட் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராது. இம்பீரியல் ரெட் என்று கேனில் போட்டிருக்கிறார்கள். இம்பீரியல் என்றால் பீர்க்காரர்கள் வழக்கில் வலிமை கூடியது என்று பொருள். இதில் ஆல்கஹால் 8.7 சதவீதம்.

டேல் கடேகிஸ் என்பவர் 1997-இல் லயன்ஸ் என்ற சிற்றூரில் உணவகமாகத் தொடங்கிய இடம்தான் பின்னர் பீர் ஆலையாக வளர்ந்தது. சிறு ஆலைகள் வடிக்கும் கைவினை பீர் என்றாலே கண்ணாடிப் பாட்டில்தான் என்றிருந்த 2002-இல், அவர்கள் தங்கள் பேல் ஏலை, அதாவது வெளிர்நிற ஏலை, கையால் ஒவ்வொன்றாகக் கேனில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். மலிவான பீருக்குத்தான் கேன் என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் அப்போது நிறைய. உண்மையில் ஹாப்ஸ் மிகுந்த பீருக்குக் கேன்தான் பாதுகாப்பு. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் உடைந்து, ஸ்கங்க் என்னும் விலங்கு பீய்ச்சும் நாற்றத்தை நினைவூட்டும் கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகிறது. பச்சைப் பாட்டில் அதைத் தடுக்காது. பழுப்புப் பாட்டில் பெருமளவு தடுக்கும். கேனுக்குள் வெளிச்சம் நுழையவே வழியில்லை.

பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். கோர்டன் நைட் வியட்நாம் போரில் பறந்த ஹெலிகாப்டர் விமானி. பின்னாளில் கொலராடோவின் தொடக்கக் காலக் கைவினை பீர்க்காரர்களில் ஒருவர். 2002 ஜூலையில் லயன்ஸ் அருகே காட்டுத்தீயை அணைக்கப் போனபோது அவருடைய ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். இந்த பீருக்கு முதலில் கோர்டன் என்றே பெயர். வர்த்தகப் பெயர்ச் சிக்கலால் 2011-இல் ஜி’நைட் ஆனது.

இதைக் கேனிலிருந்தே குடிப்பவர்களை எனக்குப் புரிவதில்லை. நிறத்தையும் இழக்கிறார்கள், மணத்தையும் இழக்கிறார்கள். வாய் சற்றே குறுகிய, வயிறு அகன்ற கிளாஸில் ஊற்ற வேண்டும். நான் ஊற்றியபோது அடர்ந்த செம்பழுப்பு. கிளாஸை விளக்குக்கு நேராகப் பிடித்தால்தான் உள்ளிருந்து மாணிக்கச் சிவப்பு எழுகிறது. நுரை வெண்மையாக இல்லை, லேசாகப் பழுப்பேறிய தந்த நிறம். சீக்கிரம் அடங்கவும் இல்லை. ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள், முளைவிட்டு உலர்த்திய தானியமான மால்ட்டின் புரதத்தோடு பிணைந்து நுரையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் வளையம் வளையமாக நுரை ஒட்டி நின்றது.

மணத்தில் முதலில் வருவது ஆரஞ்சுத் தோல். நகத்தால் கிள்ளும்போது எண்ணெய் தெறிக்குமே, அந்த வாசனை. பின்னால் பைன் பிசின், அதற்கும் கீழே ரொட்டியின் கருகிய ஓரம். ஆறு வகை மால்ட், மூன்று வகை ஹாப்ஸ், கடைசியில் அமரில்லோ ஹாப்ஸை அள்ளிப் போட்டு ஊறவைப்பது என்று ஆலைக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆரஞ்சு அந்த அமரில்லோவின் கைவரிசை. யாரும் திட்டமிட்டு ஒட்டுச்சேர்த்த ரகமில்லை அது. வாஷிங்டன் மாநிலத்து ஹாப்ஸ் பண்ணை ஒன்றில் தானாக முளைத்துக் கண்டெடுக்கப்பட்டது. கொதிக்கும்போது போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும், ஆனால் அதன் நறுமண எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். நொதித்தல் அடங்கிய பிறகு, சூடு காட்டாமல் ஊறவைத்தால் எண்ணெய்கள் பீரிலேயே தங்கிவிடும். டிரை ஹாப்பிங் என்பது இதுதான்.

சுவைக்கு வருகிறேன். முதலில் நாக்கில் படுவது இனிப்பு: கருக்கிய சர்க்கரை, கொஞ்சம் உலர்திராட்சை. இது இனிப்பான பீர் என்று மனம் முடிவுகட்டும் நொடியில் நாக்கின் இரு ஓரங்களிலிருந்தும் கசப்பு ஏறுகிறது. பம்பளிமாஸ் சுளையின் வெள்ளைத் தோலைக் கடித்த கசப்பு. இனிப்பை அது விரட்டிவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். இரண்டும் விழுங்கும் வரை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. விழுங்கிய பின் கசப்பு ஒரு படி முந்துகிறது. பிசின் வாசனை மூக்கின் பின்புறமாக ஏறி நெடுநேரம் நிற்கிறது. கசப்பு அளவீட்டில் இது 60 அலகு. லிட்டருக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் கசப்புப் பொருள் என்று கொள்ளலாம். இதே 60 அலகு, மால்ட் மெலிந்த வெளிர் பீர் ஒன்றில் இருந்தால் முகம் சுளிக்க வைக்கும்.

சிவப்பு ஏல்களில் இந்த இனிப்பு தங்கிவிடுவதற்குப் பொதுவாகக் கிரிஸ்டல் மால்ட் காரணம். முளைவிட்ட பார்லியை ஈரம் உலரவிடாமல் 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் வைத்தால், மணிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பிறகு வறுத்தால் அந்தச் சர்க்கரை மணிக்குள்ளேயே பாகாகி இறுகும். அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அது பீரில் அடர்த்தியாகவும் நிறமாகவும் நிற்கும். அளவு மிஞ்சினால் பிசுபிசுப்பு. இங்கே மிஞ்சவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் கிளாஸின் கடைசிக் கால்பங்கில், பீர் சூடேறியபின், இனிப்பு கொஞ்சம் தலைதூக்குகிறது. வறண்ட முடிவை விரும்பும் என் போன்றவர்களுக்கு அந்தக் கடைசி மிடறுகள் சற்றுக் கனம்.

அதற்காகப் பனிக்கட்டி போலக் குளிரவைத்துவிடாதீர்கள். கடுங்குளிரில் மால்ட் முழுவதும் ஒளிந்துகொள்ளும். கசப்பு மட்டும் தனியாக நின்று கத்தும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் விட்டு, 10 டிகிரியை ஒட்டி வந்தபின் தொடங்குங்கள். ஆரஞ்சும் ரொட்டியும் அப்போதுதான் சேர்ந்து பேசுகின்றன.

ஆல்கஹால் தொண்டையில் எரியவில்லை, நெஞ்சில் மெல்லிய வெம்மையாக மட்டுமே தெரிகிறது. அதனாலேயே எச்சரிக்கை தேவை. 355 மில்லி கேன் ஒன்றில் 24 கிராம் அளவு ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் கேனில் 14 கிராம்தான். ஒரு கேனோடு நிறுத்தினேன், அதையும் இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம் என்றே தோன்றியது. வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் திறக்கவே வேண்டாம்.

வாங்கும்போது கேனில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். வலிமையான பீர் என்பதால் ஆண்டுக்கணக்கில் தாங்கும் என்று சிலர் அடுக்கிவைக்கிறார்கள். கறுத்த, மால்ட் மிகுந்த பீர்களுக்கு அது சரி. இந்த வகைக்கு அது கேடு. வேறொரு ஆலையின் பழைய சிவப்பு ஏல் ஒன்றைக் குடித்திருக்கிறேன்: ஆரஞ்சு மணம் சுத்தமாகப் போய், ஈர அட்டைப்பெட்டி வாசனையும் வெறும் பாகும்தான் மிச்சம். அடைத்து மூன்று மாதத்துக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன், அதைத் தாண்டினால் யோசிப்பேன், ஆறு மாதம் தாண்டியது தள்ளுபடியில் கிடைத்தாலும் எடுக்க மாட்டேன்.