மூன்று வருஷம், ஒரு ரெக்கார்டர், ஓயாத 'உம்ம்ம்'

உள்ளங்கையில் அடங்கும் ரெக்கார்டர். தலையில் இரண்டு மைக், அடியில் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் வைத்த பெரிய மைக் பிளக்) சொருக இரண்டு துளை, பக்கவாட்டில் 3.5 மி.மீ. லைன் இன் (மற்ற கருவிகளின் சத்தத்தை உள்ளே வாங்கும் துளை). கதை வாசித்துப் பதிவு செய்யத்தான் வாங்கினேன், மூன்று வருஷம் ஆகிறது. இதற்குள் நான்கு தடவையாவது 'போச்சு, இனி சர்வீஸுக்குத்தான்' என்று பெட்டியில் போட்டு மூடியிருக்கிறேன். அதில் ஒரு தடவைதான் தப்பு மெஷின் மேல்.

முதல் புகார் இரைச்சல். எந்தப் பதிவைக் கேட்டாலும் பின்னால் 'ஸ்ஸ்ஸ்'. குரல் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் கெயினை (மைக் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை) அடிமட்டத்தில் வைத்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டரில் சத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். குரலோடு சேர்ந்து இரைச்சலும் ஏறாமல் என்ன செய்யும்? சரி என்று கெயினைத் தாராளமாகத் திருப்பினால், சத்தமாகச் சொன்ன இடமெல்லாம் கரகரத்தது. அப்படி உச்சம் வெட்டுப்பட்டுப் போனால் பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது. இப்போது 24 பிட்டில் (மெல்லிய சத்தத்தையும் நுணுக்கமாகப் பதியும் அமைப்பு), உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வைக்கிறேன்; பூஜ்யத்தைத் தாண்டினால்தான் வெட்டுப்படும். அதைவிடப் பலன் தந்தது தூரம். மைக்கை முகத்திலிருந்து இரண்டு சாணில் வைத்திருந்ததை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தேன். தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும்; அறையின் எதிரொலி கூடாது. நேர் எதிரே இல்லாமல் வாயோரத்துக்குத் தள்ளி வைத்தால் 'ப' வரும்போது 'புஸ்' என்று காற்று அடிப்பதும் நின்றுவிடும்.

அடுத்தது அந்த 'உம்ம்ம்'. யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்து, ஸ்பீக்கரையும் மாட்டினால் உடனே ஆரம்பிக்கும். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் (சில நாடுகளில் 60), அதன் இரட்டிப்பான 100, இப்படி அடுக்கடுக்காக வரும் ரீங்காரம் அது. மைக்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், மெமரி கார்டைக்கூட மாற்றினேன் (அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்). ஒருநாள் தற்செயலாக லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். அறையே அமைதியானது. சார்ஜருக்கு ஒரு எர்த், ஸ்பீக்கருக்கு ஒரு எர்த். நடுவில் என் ஆடியோ கேபிள் இரண்டையும் இணைத்து ஒரு வளையம் போட்டிருக்கிறது. அந்த வளையத்தில் ஓடியதுதான் 'உம்ம்ம்'. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகியதும் பெருமளவு அடங்கியது. எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் சத்தம் போய்விடும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. போகும்தான், ஆனால் ஷாக் அடிக்காமல் காப்பதும் அந்தப் பின்தான். தொடாதீர்கள்.

சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். பேச்சு நின்ற இடத்திலெல்லாம் மின்விசிறி இரைவதை மேலே தூக்கிக் கொண்டுவருவது அதுதான்.

என்னை நிஜமாகவே கிறுக்குப் பிடிக்க வைத்தது மூன்றாவது. மிக்ஸரிலிருந்து (பல மைக்குகளின் சத்தத்தைக் கலந்து தரும் பெட்டி) ஒரே ஒரு கேபிளை லைன் இன்னுக்குக் கொடுத்துப் பதிவு செய்தேன். ஹெட்போனில் கேட்டேன், குரல் வந்தது, ஆனால் தலைக்கு நடுவில் இல்லாமல் காதுக்கு வெளியே எங்கோ மிதந்தது. களைப்பாக இருக்கும் என்று நினைத்து நண்பனுக்கு அனுப்பினேன். "ஒண்ணுமே கேக்கலையேடா, காலி ஃபைல் அனுப்பியிருக்க" என்றான். அவன் போனில் ஒற்றை ஸ்பீக்கர். மிக்ஸர் கொடுத்தது பேலன்ஸ்டு சிக்னல்: ஒரே குரல் ஒரு கம்பியில் நேராகவும் இன்னொரு கம்பியில் தலைகீழாகவும் போகும். ரெக்கார்டரோ அதை ஸ்டீரியோ என்று எடுத்துக்கொண்டு நேரானதை இடதிலும் தலைகீழானதை வலதிலும் போட்டுவிட்டது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூடும்போது ஒன்றை ஒன்று தின்றுவிட்டது. எடிட்டிங்கில் வலது சேனலை அழித்து, இடதை இரண்டு பக்கமும் போட்டேன், குரல் திரும்பி வந்தது. அதற்கப்புறம் மிக்ஸர் கேபிள் எக்ஸ்எல்ஆர் துளைக்குத்தான் போகிறது, மெனுவில் லைன் லெவல் (மைக்கைவிட வலுவான சிக்னலுக்கான அமைப்பு) என்று மாற்றிவிட்டு.

குரல் மந்தமாக, கனத்துப்போய்க் கேட்டால் 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 மாதிரிகள்) பதிந்ததை 44.1 என்று நினைத்து மெதுவாக மென்பொருள் ஓட்டுகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

நான்காவதுதான் மெஷினின் குறை. ஹெட்போன் துளை தளர்ந்துவிட்டது; பிளக் லேசாக அசைந்தால் இடது காதில் 'கரக் கரக்'. பதிவில் அது விழுவதில்லை, ஆனால் கேட்டுக்கொண்டே பதிய முடியாது. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்த்தேன், இரண்டு வாரம் தாங்கியது. இப்போது ஒரு ரப்பர் பேண்டால் கேபிளை ரெக்கார்டரின் இடுப்போடு இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். பார்க்கச் சகிக்காது. கரகரப்பு இல்லை.