சாப்பிட்டால் தடிப்பு: ஊசிக்குத்துப் பரிசோதனையா, விலக்கிப் பார்ப்பதா?

எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க உணவின் சாற்றைத் தோலில் சொட்டு வைத்து ஊசியால் குத்திப் பார்ப்பதா, சந்தேகப்படும் உணவைச் சில வாரம் நிறுத்திப் பார்ப்பதா என்று பலர் கேட்கிறார்கள்.

செலவு: பரிசோதனைக்குப் பணம் வேண்டும். விலக்கிப் பார்க்க ஒரு நோட்டு போதும். குழம்பில் போட்ட பொடி வரை எழுத வேண்டும்.

நேரம்: முன்கையில் சொட்டு வைத்துக் குத்தினால், ஒத்துக்கொள்ளாத உணவுக்கு 15–20 நிமிடத்தில் கொசுக்கடி போல வீங்கும். செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். விலக்கலுக்கு 2–4 வாரம். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

நம்பகம்: தொல்லையில்லாமல் சாப்பிடும் உணவுக்கும் ஊசிக்குத்து வீங்கலாம்.

இறால், நிலக்கடலை தின்ற சில நிமிடங்களிலேயே தடித்தால் பரிசோதனைதான் சரி. மெதுவாகக் கூடும் கரப்பான் என்ற தோல் அரிப்புக்கு விலக்கல். குழந்தைக்குப் பாலை, முட்டையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உதடு வீங்கி மூச்சுத் திணறினால் உடனே 108. அந்த உணவை வீட்டில் மறுபடி சோதிக்கவே கூடாது.