பழைய ஸ்விஃப்ட்டுக்கு கண்ணாடி பீடிங் மாத்தினேன்: ஒரு வேலூர் கோடை, ரெண்டு மழைக்காலம் பார்த்தப்புறம் எழுதுறது

வண்டி 2009 ஸ்விஃப்ட் பெட்ரோல், டிஎன் 23 நம்பர், காட்பாடி காந்தி நகர்ல ரோட்டோரமா நிக்கிற வண்டி, ஷெட்டெல்லாம் கிடையாது. 2024ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சு ஆர்சி ரின்யூவல் போட்டு இன்னும் அஞ்சு வருஷம் கிடைச்சதும், சரி இனி இதையேதான் ஓட்டப்போறோம்னு ஆகிப்போச்சு, அதுக்கப்புறம் சின்ன சின்ன வேலைய ஒவ்வொண்ணா எடுத்தேன். அதுல முதல்ல எடுத்தது நாலு கதவுலயும் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் கீழ நீளமா ஓடுற கருப்பு பீடிங். வெதர்ஸ்ட்ரிப்னு சொன்னாதான் ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுண்டர்ல புரியும், வெளி கடையில "டோர் கிளாஸ் அவுட்டர் பீடிங்"னு கேளுங்க.

இது எப்படி இருந்துச்சுன்னா, கருப்பு போய் சாம்பல் கலராயி, மேல நீளத்துக்கும் பாளம் பாளமா வெடிப்பு. பின் கதவுல ஒரு முனை சுருங்கி ஒரு விரல் அகலத்துக்கு உள்ள போயிருந்துச்சு, அந்த இடத்துல உள்ள இருக்கிற தகரம் துருப்பிடிச்சு உப்பி ரப்பர கிழிச்சுக்கிட்டு வெளிய தெரிஞ்சுது. கண்ணாடிய ஒட்டி நிக்க வேண்டிய பீடிங்கோட ரப்பர் ஓரம், அதான் உதடு, கண்ணாடிய தொடவே இல்ல, நடுவுல நகம் போகுற அளவு சந்து. கண்ணாடி இறக்கி ஏத்தினா கரகரன்னு ஒரு சத்தம். ராத்திரி கிரீன் சர்க்கிள்ல நிக்கும்போது எதிர்ல வர்ற பஸ் லைட்டு பட்டா கண்ணாடி முழுக்க மேலயும் கீழயுமா நேர் நேரா கோடு தெரியும், அது எல்லாம் அந்த சந்துல மாட்டின மண்ணு போட்ட கோடுதான்.

இத டோருக்கு அழகுக்கு போட்ட பட்டைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இதோட வேலையே கண்ணாடி இறங்குறப்போ மேல ஒட்டியிருக்கிற தண்ணியையும் தூசியையும் வழிச்சு வெளியவே விடுறது. இது செத்துப்போச்சுன்னா அந்த மண்ணு தண்ணி எல்லாம் கதவுக்குள்ள இறங்குது, உள்ள இருக்கிறது யாரு, கண்ணாடிய ஏத்தி இறக்குற ரெகுலேட்டர், பவர் விண்டோ மோட்டார், லாக்கு. நாலு பீடிங்கும் வாங்குற காசு ஒரு மோட்டார் மாத்துற செலவ விட கம்மி.

ஆனா இன்னொரு விஷயமும் சேர்த்து தெரிஞ்சுக்கணும், இத சொல்றதுக்குதான் முக்கியமா எழுதுறேன். புது பீடிங் போட்டாலும் கதவுக்குள்ள கொஞ்சம் தண்ணி போகத்தான் செய்யும். எல்லா கார்லயும் அப்படித்தான், அதுக்குன்னே கதவோட அடி விளிம்புல ஓட்டை விட்டிருப்பாங்க, உள்ள போன தண்ணி அது வழியா ஒழுகிடும். டோர் பேடு, அதாவது கதவோட உள்பக்க கவர், அதுக்கு பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு கருப்பு பசை போட்டு ஒட்டியிருக்கும், அது தண்ணிய கேபின் பக்கம் வரவிடாம கீழ தள்ளும். அதனால மழை பேஞ்சா கால் மேட்டு நனையுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இந்த ஷீட்டும் அடி ஓட்டையும்தான். ஸ்பீக்கர் மாத்தறேன்னு எவனாவது அந்த ஷீட்ட கிழிச்சு விட்டிருப்பான், அத விட்டுட்டு பீடிங்க மாத்திட்டு "இன்னும் ஒழுகுது"ன்னு புலம்பி பிரயோஜனம் இல்ல.

இத டெஸ்ட் பண்றது சுலபம். கண்ணாடிய ஏத்திட்டு கதவ சாத்தி, ஒரு சொம்பு தண்ணிய மெதுவா கண்ணாடி மேல விடுங்க, கொஞ்ச நேரத்துல கதவு அடியில சொட்டணும். சொட்டலைன்னா ஓட்டை அடைச்சிருக்கு. என் வண்டியில இடது பின் கதவு அடைச்சிருந்துச்சு, கதவ சாத்தினா உள்ள சலக்குனு தண்ணி ஆடுற சத்தமே கேக்கும். தொடப்பக்குச்சி விட்டு நோண்டினதும் செம்மண் குழம்பா ஊத்துச்சு.

மாத்துறதுக்கு முன்னாடி தோட்டப்பாளையம் பக்கம் ஒரு டிங்கர்கிட்ட காட்டினேன். "இன்னாத்துக்கு சார் இதுக்கு போயி காச செலவு பண்ற, சிலிக்கான் அட்ச்சி வுட்டா ஒட்டிக்கினு கெடக்கும், நாலு வருசத்துக்கு கேக்காது"ன்னாரு. நல்ல மனுஷன், டெண்டு எடுக்கிறதுல கெட்டிக்காரர், ஆனா இந்த யோசனைய மட்டும் கேக்காதீங்க. கண்ணாடி ஓடுற இடத்துல சிலிக்கான் பேஸ்ட் அடிச்சா அது கண்ணாடியில இழுபட்டு பிசுபிசுன்னு ஆயிடும், அப்புறம் புதுசு போடும்போது அத சுரண்டி எடுக்கறதே தனி வேலை.

சாமான் வாங்கின கதை. முன் கதவு ரெண்டுக்கும் ஒரிஜினல் கிடைச்சிருச்சு. சேசிஸ் நம்பர் 17 எழுத்தும் எழுதிக்கிட்டு போங்க, மாடல் வருஷம் சொன்னா மட்டும் பத்தாது, இடது வலது வேற வேற பார்ட். பின் கதவுக்கு ஒரிஜினல் ஸ்டாக் இல்ல, ஆர்டர் போட்டா எப்ப வரும்னு தெரியாதுன்னாங்க, மழை வேற வரப்போகுதுன்னு வெளி கடையில டூப்ளிகேட் வாங்கி பின்னாடி போட்டேன். கடைக்காரர் "கம்பெனி ஐட்டம்தான் சார், கவர் மட்டும்தான் இல்ல"ன்னு சத்தியம் பண்ணாத குறை. ஆக ஒரே வண்டியில முன்னாடி ஒரிஜினல், பின்னாடி டூப்ளிகேட், நம்ம வெயில்ல ரெண்டும் எப்படி நிக்குதுன்னு பாக்க வசதியா போச்சு.

கழட்டுறது பெரிய வித்தை இல்ல, பொறுமை வேணும். கண்ணாடிய முழுசா இறக்கிடுங்க. பீடிங்குக்கு கீழ பெயிண்ட் மேல மாஸ்கிங் டேப் ரெண்டு வரிசை ஒட்டுங்க. முன் கதவுல முன்முனை மிரர் பக்கம் இறுக்கமா மாட்டிக்கிட்டு இருக்கும், உள்பக்கம் இருக்கிற முக்கோண பிளாஸ்டிக் கவர இழுத்து எடுத்துட்டு மிரர் நட்ட கொஞ்சம் லூஸ் பண்ணினா ஈஸியா வரும். சில வண்டிகள்ல கதவோட லாக் பக்க ஓரத்துல ஒரு ஸ்க்ரூவும் இருக்கும், அத பாக்காம இழுத்தா கிளிப்போட சேர்த்து தகரம் வளையும். அப்புறம் பின்முனையில இருந்து பிளாஸ்டிக் நெம்பிய விட்டு நேர் மேல் பக்கமா கொஞ்சம் தூக்கு, ஒரு சாண் தள்ளி மறுபடி தூக்கு, இப்படியே போகணும். ஸ்க்ரூ டிரைவர் போட்டு வெளிப்பக்கமா நெம்பினா பெயிண்ட் போச்சு.

எடுத்தப்புறம் அந்த பள்ளத்துல கிடந்தத பார்க்கணுமே. வேப்பங்காம்பு, காஞ்ச புளிய இலை, அதுக்கு கீழ பாலாத்து மணல் மாதிரி நைசான மண்ணு கெட்டியா படிஞ்சு, அத சுரண்டினா தகர விளிம்பு நெடுக பழுப்பு கலர்ல துரு கோடு. இது பீடிங் மாத்துறவங்க பாதி பேர் விட்டுடற வேலை. துருவ எமரி பேப்பர் போட்டு தேய்ச்சு, துணியால தொடச்சு, பிரைமரும் டச் அப் பெயிண்ட்டும் வச்சு நல்லா காய விட்டு அப்புறம்தான் புதுச போடணும், இல்லன்னா புது பீடிங்குக்கு கீழ துரு பாட்டுக்கு சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்.

புது பீடிங்க மாட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெயில்ல வச்சா இளகி வளைஞ்சு குடுக்கும், நம்ம ஊர்ல அதுக்கு ஹேர் டிரையரெல்லாம் தேவையில்ல. ஒரு முனைய சரியா உக்கார வச்சுட்டு உள்ளங்கையால நேரா கீழ அமுக்கிக்கிட்டே போனா டக் டக்னு உக்காரும். ரெண்டு முனையும் சரியா வந்திருக்கான்னு பாத்துட்டுதான் கடைசி அமுக்கு அமுக்கணும், ஒரிஜினல் கச்சிதமா உக்காந்துச்சு, டூப்ளிகேட் ஒரு பக்கம் கொஞ்சம் நீளமா இருந்து முனை தூக்கிக்கிட்டு நின்னுச்சு, அப்பவே அதோட லட்சணம் தெரிஞ்சு போச்சு.

முதல் கொஞ்ச நாள் கண்ணாடி மெதுவா ஏறும், பயப்படாதீங்க, புது உதடு இறுக்கமா பிடிக்குது. அதுக்குன்னு தேங்காண்ணெய், கிரீஸ், துரு இளக்குற ஸ்ப்ரே எதையும் ரப்பர்ல அடிக்காதீங்க, எண்ணெய் பட்டா அந்த ரப்பர் ஊதிப் போயிடும், மண்ணும் ஒட்டும். சிலிக்கான் ஸ்ப்ரேய துணியில அடிச்சு கண்ணாடி ஓடுற சேனல்ல தடவினா போதும். இது மேல சொன்ன சிலிக்கான் பேஸ்ட் இல்ல, குழப்பிக்காதீங்க.

இப்போ ஓட்டினப்புறம் எப்படின்னு வருவோம். போட்ட கொஞ்ச நாள்லயே 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் மழை, வண்டி முழுக்க நனைஞ்சுக்கிட்டே நின்னுச்சு, டோர் பேடு காய்ஞ்சு கிடந்துச்சு, கதவுல சலக் சத்தம் இல்ல. மழையில கண்ணாடிய இறக்கி ஏத்தினா தண்ணி வழிச்சு விட்ட மாதிரி சுத்தமா வருது, டோல்கேட்ல இது பெரிய சுகம். கரகர சத்தம் போச்சு. பாதி கண்ணாடி இறக்கி கதவ சாத்தினா முன்னாடி கடகடன்னு ஆடும், அதுவும் குறைஞ்சிருக்கு. பழைய கோடு அப்படியேதான் இருக்கு, அது போகாது, புதுசா விழலை அவ்வளவுதான்.

காத்து சத்தம் குறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வாலாஜா பக்கம் என்எச் 48ல 90ல போனா முன்னாடி எவ்வளவு உய்னு கேட்டுச்சோ கிட்டத்தட்ட அதே அளவுதான் இப்பவும். அது பெரும்பாலும் கதவ சுத்தி இருக்கிற பெரிய ரப்பர் சம்பந்தப்பட்டது, அதுக்கு தனி செலவு.

அசல் பரீட்சை 2025 கோடைதான். ஏப்ரல் மே-ல 40 டிகிரிய தாண்டுறது வேலூருக்கு புதுசா என்ன, மதியம் ரெண்டு மணிக்கு அந்த கருப்பு பீடிங் மேல விரல் வச்சா சுரீர்னு இழுத்துக்கணும். என் வண்டி நிக்கிற வாக்குல வலது பக்கம் மேற்கு பாத்து நிக்குது, சாயங்கால வெயில் முழுக்க அந்தப் பக்க கதவுக்குத்தான். அக்னி நட்சத்திரம் முடிஞ்சு பாத்தா வலது பின் கதவு டூப்ளிகேட் மேல வெள்ளை பூத்து, உதடு அலை அலையா நெளிஞ்சு, முனை சுருங்க ஆரம்பிச்சிருச்சு. இடது பின் கதவு அதே பாக்கெட், அதே கடை, ஆனா அந்தளவு மோசமில்ல. முன்னாடி ஒரிஜினல் ரெண்டும் கருப்பு குறையல, வலது பக்கமும் சேர்த்து. மலிவான பிவிசி சாமான்ல மெத்துன்னு வச்சிருக்க கலக்கிற பிளாஸ்டிசைசர் சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா வெளியேறிடும், அப்புறம் அது சுருங்கி விறைக்கிறதத் தவிர வேற வழியில்ல. கடையில கையில வச்சு பாக்கும்போது ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு, சொல்லப்போனா டூப்ளிகேட்தான் அதிகமா பளபளன்னு இருந்துச்சு.

வலது பின்னாடி மட்டும் ஒரிஜினல் ஆர்டர் போட்டு 2025 மழைக்கு முன்னாடி மாத்திட்டேன், இடது இன்னும் ஓடுது, அடுத்த வெயில் தாங்காதுன்னு நினைக்கிறேன். காசு கம்மியா இருக்குன்னா நாலையும் டூப்ளிகேட்ல போடுறதுக்கு பதிலா வெயில் படுற பக்கம் ரெண்டுக்கு மட்டும் ஒரிஜினல் போடுங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்.

வாட்டர் சர்வீஸ் விடுறப்போ தண்ணி பீய்ச்சுற கன்ன பீடிங் மேல நேரா பிடிக்க வேணாம்னு பக்கத்துல நின்னு சொல்லிடுங்க, அந்த பிரஷர் உதட்ட மடக்கி உள்ள தள்ளிடும், அப்படி மடங்கி நின்னா கண்ணாடிய ஒரு தடவை முழுசா இறக்கி விரலால வெளிய எடுத்து விட்டுட்டு அப்புறம் ஏத்துங்க. டயர் பாலிஷ் மிச்சத்த பளபளன்னு இருக்கட்டும்னு பீடிங்ல தடவுவாங்க பசங்க, அதையும் வேணாம்னு சொல்லிடுங்க. கண்ணாடிக்கு உள்பக்கம் இதே மாதிரி இன்னொரு பீடிங் இருக்கு, வெயில் அவ்வளவா படாததால அது இன்னும் நல்லாத்தான் இருக்கு, டோர் பேடு கழட்டுற வேலை எப்பவாவது வந்தா அப்ப பாத்துக்கலாம்னு வச்சிருக்கேன்.