குன்னூரில் இருநூறு ரூபாய் கேபிள், ஒரு மணி நேரத்தில் 300 ஜிபி

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து மேல் குன்னூர் ஏறும் ரோட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. 5 மீட்டர் கேட் 6 கேபிள் (கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் கேபிள்), இரண்டு முனையிலும் பிளக் அழுத்திப் பொருத்தி 200 ரூபாய்.

அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் 300 ஜிபி படங்கள், பாட்டி உயிரோடு இருந்தபோது எடுத்ததெல்லாம் அதில்தான். கோத்தகிரியில் எங்கள் வீட்டு நெட் வேகத்தில் டிரைவில் ஏற்றி இறக்க மாதக்கணக்காகும். அதனால் ஆன்லைனில் ஒரு கேபிள் வாங்கி லேப்டாப்போடு நேராக இணைத்தேன். ஒரு நாள் லேப்டாப்பில் பழைய கம்ப்யூட்டர் தெரியும், மறுநாள் தெரியாது. தெரிந்தாலும் விநாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறாது, அந்தக் கணக்கில் முடிய ஏழரை மணி நேரம், அதற்குள் மழையில் கரண்ட் போய்விடும்.

கிராஸ் கேபிள் (இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைக்க, ஒரு முனையில் கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்தியது) கேட்டுத்தான் அந்தக் குன்னூர் கடைக்குப் போனேன். "அது வேண்டாம் தம்பி, கிகாபிட் போர்ட் தானே மாத்திக்கும், உங்க கேபிளைக் கொடுங்க" என்று கடைக்காரர் வாங்கி டெஸ்டரில் மாட்டினார். ஒன்றில் இருந்து ஆறு வரை விளக்கு எரிந்தது, ஏழும் எட்டும் எரியவில்லை. 100 மெகாபிட் வேகத்துக்கு (எனக்கு வந்த 11 எம்பி அதுதான்) 1, 2, 3, 6 கம்பிகள் போதும், அதைப்போல் பத்து மடங்கான கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும் என்று விளக்கை விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னார். அப்புறம் புதுக் கேபிளையும் என் கண் முன்னால் டெஸ்டரில் போட்டுவிட்டுத்தான் காசு வாங்கினார்.

வீட்டில் மாட்டியதும் 1 ஜிபிபிஎஸ், அதாவது கிகாபிட் வேகம் காட்டியது, ஆனால் பழைய கம்ப்யூட்டர் தெரியவில்லை. சாயங்காலம் போன் செய்தேன், எடுத்தார். நடுவில் ரவுட்டர் இல்லாததால் 169.254 என்று தானாக ஒரு முகவரி எடுத்திருக்கும், நீங்களே கொடுத்துவிடுங்கள் என்றார். ஒன்றில் 192.168.10.1, இன்னொன்றில் 192.168.10.2, இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. பழையதில் இருந்து லேப்டாப்புக்கு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போனது, லேப்டாப்பில் இருந்து பழையதற்குப் போகவில்லை. பழைய கம்ப்யூட்டரின் பயர்வாலில் (வெளியில் இருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் காவல்) ஃபைல் ஷேரிங்குக்கு பப்ளிக் நெட்வொர்க் கட்டத்திலும் டிக் போடச் சொன்னார், வேலை முடிந்ததும் மறக்காமல் எடுக்கச் சொன்னார். லேப்டாப்பின் ரன் பெட்டியில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு பழைய கம்ப்யூட்டருக்குக் கொடுத்த எண்ணை அடித்ததும் போல்டர் திறந்தது. 90 எம்பி வேகம், ஒரு மணி நேரத்தில் எல்லாப் படமும் வந்துவிட்டது. போனில் இருபது நிமிடம் பேசியதற்கு ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

மதியம் ஒன்றில் இருந்து மூன்று வரை கடை பூட்டியிருக்கும், நான் ஒரு தடவை மழையில் நின்றேன். கோத்தகிரி பக்கம் இருந்து வருபவர்கள் காலை பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள், பழைய கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள்.